ஒரே ஒரு ஸ்டார்

“இந்த இருபத்திரண்டு பேரும் ஒரே ஆள்” என்றார் அவர், செல்பேசியை மூக்குக்கு அருகில் பிடித்தபடி. “பேரை மாத்தலாம், படத்தை மாத்தலாம். கையை மாத்த முடியுமா?”

சோபாவில் சாய்ந்து கால் விரல்களை நீவிக்கொண்டிருந்த மனைவி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. “என்னங்க, கேம்பிங் போக ஒரு இடம் பாருங்கன்னா, கொலைகாரனைத் தேடுறீங்க?”

அவர் ஒரு பதிப்பகத்தில் பத்தொன்பது வருடமாகப் பிழை திருத்துகிறவர். மருந்துச் சீட்டில் பிழை இருந்தாலும் திருத்திவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவார். மனைவி பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ். பதினான்கு மாதம் கழித்து இப்போதுதான் அவளுக்கு முழுசாக ஒரு சனி, ஞாயிறு கிடைத்திருந்தது.

போன தடவை அவர் தேர்ந்தெடுத்தது ஐந்து ஸ்டார் முகாம். ஏரிக்கரையில் நாற்பது கூடாரம், எட்டு ஸ்பீக்கர். அவள் நர்ஸ் என்று எப்படியோ தெரிந்துபோய், இரண்டு நாளும் கூடார வாசலில் பிரஷர் பார்க்க வரிசை நின்றது.

“இந்தத் தடவையும் சொதப்புனீங்க, அடுத்த லீவுக்கு நான் மட்டும் கிளம்பிடுவேன். எங்கன்னுகூடச் சொல்ல மாட்டேன்” என்று சொல்லியிருந்தாள். விளையாட்டாகச் சொன்ன மாதிரி இல்லை.

அதனால்தான் அவர் மூன்று நாளாக, நகரத்தைச் சுற்றியிருந்த முகாம்களின் ரிவ்யூ அத்தனையையும் சலித்துக்கொண்டிருந்தார். எல்லா இடத்திலும் ‘செம’, ‘வேற லெவல்’, ‘டிஜே சூப்பர்’. ஒரே ஒரு ஸ்டாரோடு கிடந்தது, ஒன்றரை மணி நேரத் தூரத்தில் மலையடியில் இருந்த வனத்துறை முகாம் மட்டும்தான். கொசு, சேறு, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை என்று ஒரே புலம்பல்.

“இங்க பாரு. ‘அருவருப்பான இடம்’னு எழுத வந்த இருபத்திரண்டு பேரும், வல்லின ‘ற’ போட்டு ‘அறுவறுப்பு’ன்னு எழுதியிருக்காங்க. ஒருத்தர்கூடவா சரியா எழுத மாட்டாங்க? பக்கத்துல கேம்ப் நடத்துற எவனோ பொறாமையில எழுதுறான். அப்படின்னா இடம் பிரமாதமா இருக்கணும்.”

“ஒரு எழுத்தை நம்பி என்னைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க.”

“எழுத்தை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?”

சனிக்கிழமை காலையில் அந்த முகாமில் வண்டியை நிறுத்தியதும் இருவருக்கும் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. அவ்வளவு அமைதி. பெருக்கிவைத்த மண் தரை, பாறைகளுக்கு நடுவே கண்ணாடி மாதிரி ஓடை, கழிப்பறைக் கதவில் ஒன்றுக்கு இரண்டு தாழ்ப்பாள். அவர்களையும், வாசலில் சீட்டுக் கொடுத்த காவலாளியையும் தவிர ஒரு ஈ, காக்கை இல்லை.

மனைவி கூடாரத்துக்குள் பாயை விரித்துப் படுத்தாள். படுத்தவள், மறுநாள் பத்து மணிக்குத்தான் சோம்பல் முறித்தாள். நடுவில் சாப்பிட எழுந்தது உண்டு. அதுவும் பாதிக் கண்ணில்தான்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. இந்த இடத்துக்கா ஒரு ஸ்டார்? காவலாளியிடம் சொல்லி, அந்த அயோக்கியன்மேல் புகார் கொடுக்க வைத்துவிட வேண்டும் என்று கிளம்பினார். காதோரம் நரைத்த, சாந்தமான அந்த மனிதர் ஓடையோரம் ஒரு பலகையில் பெயின்ட்டால் எழுதிக்கொண்டிருந்தார்.

‘ஓடையில் துப்பி அறுவறுப்பு செய்யாதீர்.’

பிழை திருத்துகிறவரின் விரல்கள் தாமாகவே சட்டைப்பையில் சிவப்புப் பேனாவைத் தேடின. பாதியில் நின்றன. அவர் பலகையைப் பார்த்தார். காவலாளியைப் பார்த்தார்.

“அந்த இருபத்திரண்டு பேரும் நீங்கதானா?”

காவலாளி தூரிகையை டப்பாவில் வைத்தார். மறுக்கவில்லை. “இருபத்தி மூணு சார். நேத்து ஒண்ணு போட்டேன்.”

“ஏங்க இப்படி?”

“போன வருஷம் நெட்ல இருந்த பழைய பக்கத்தை நான் எடுக்கிற வரைக்கும் இங்க நாலே முக்கால் ஸ்டார் சார். வாராவாரம் ஐநூறு பேர். மரத்துல பேரைச் செதுக்கினாங்க, ஓடையில பாட்டிலை உடைச்சாங்க. மானெல்லாம் மலைக்கு மேல போயிடுச்சு. ஆபீசுக்குப் பதினொரு மனு எழுதினேன், ஒருத்தரும் படிக்கல. ரிவ்யூ எழுதினேன், எல்லாரும் படிச்சாங்க.”

“அதுக்காக? பொய் பொய்தானே! அரசாங்கச் சம்பளத்தை வாங்கிக்கிட்டு அரசாங்க இடத்தையே...” அவர் குரல் ஏறியது. பத்தொன்பது வருடமாக அச்சில் ஒரு கால், ஒரு கொம்பு தப்பாகப் போக விட்டதில்லை அவர். “இப்பவே உண்மையை எழுதுறேன்.”

அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்து எழுதினார். ஐந்து ஸ்டார். ஓடை, காற்று, இரட்டைத் தாழ்ப்பாள் எதையும் விடவில்லை. ஒற்று மிகும் இடம், மிகா இடம் எல்லாம் பார்த்து இரண்டு முறை படித்தார். காவலாளி தடுக்கவில்லை. ஐநூறு பேருக்கும் சேர்த்து இப்போதே பெருக்கப் போகிறவர் மாதிரி, துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“கொடுங்க, பார்ப்போம்.”

பின்னால் மனைவி நின்றிருந்தாள். கன்னத்தில் பாயின் கோடு. முகத்தில், அவர் பல மாதமாகப் பார்க்காத ஒரு தெளிவு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அவர் பெருமையோடு செல்பேசியை நீட்டினார். “ஒரு பிழை காட்டு பார்ப்போம்!”

அவள் நிதானமாக முழுவதும் படித்தாள். தலையைத் தூக்கி ஓடையைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் ஒரே அழுத்து. எழுதியதெல்லாம் காணாமல் போனது. ஐந்து ஸ்டாரில் நான்கை அணைத்துவிட்டு, காவலாளி பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, கரடி ஒண்ணுன்னு போடவா, ரெண்டுன்னு போடவா?”