டீச்சர் லீவு சொன்ன மதியம்

நித்யஸ்ரீயின் பென்சிலைச் சீவிக் கொடுத்துவிட்டு, மடியில் விழுந்த தூளைத் தட்டிவிடக்கூடத் தெம்பில்லாமல் கோகிலா டீச்சர் நாற்காலியில் சாய்கிறாள். சத்துணவு முட்டையின் வாசம் இரண்டாம் வகுப்பறையை விட்டு இன்னும் போகவில்லை. ஜன்னல் கம்பிகளின் நிழல் பிள்ளைகளின் முதுகில் கோடு கோடாகக் கிடக்கிறது. வெளியே சேலம் ரோட்டில் லாரிகள் இரைகின்றன. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்த கணவன் நல்லசிவம் ஸ்கேன் கவரோடு வாசற்படியில் நிற்கிறான்.

"நாளையிலிருந்து டீச்சர் லீவு, சாமி."

"பாப்பா பொறக்கப் போகுதுங்களா டீச்சர்?" சிவபிரகாஷ் கேட்கிறான். போன வருடம் ஒன்றாம் வகுப்பு டீச்சர் அப்படித்தான் லீவில் போனாள். வரும்போது எல்லோருக்கும் லட்டு கொண்டுவந்தாள்.

பதினாறு வருடமாகப் பிள்ளையில்லாத கோகிலா சிரிக்கிறாள். "இல்ல சாமி. வயித்துல ஒரு கட்டி. எடுத்துப்போட்டுட்டு வரோணும்."

"எங்க எருமைக்கும் கட்டிதானுங்க. மஞ்சப் பத்துப் போட்டதும் வத்திப்போச்சு."

"அப்ப எனக்கும் அதையே போடச் சொல்றேன்."

"பரிச்சைக்குள்ள வந்துருவீங்கல்லங்க டீச்சர்?"

"வந்துருவேன்."

பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. இரண்டு மாதம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் இருவரையும் உட்காரவைத்துத்தான் சொன்னார். நல்லசிவம் கவரை மறு கைக்கு மாற்றிக்கொள்கிறான்.

ஆபரேஷனுக்குப் போனவள் உயிரோடு திரும்பவில்லை. அந்த வகுப்புக்கு இப்போது கலையரசன் சார் வருகிறார். காலையில் நல்லசிவம் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வேலைக்குப் போகும் நேரம் அவர் உள்ளே பெயர் கூப்பிடுகிறார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, இன்னும் "உள்ளேன் டீச்சர்" என்கிறார்கள்.