ரெண்டு பேருக்கும் ஊசி

மாசமா இருக்கிற பொண்டாட்டிக்கு அசிங்கமான நோயை ஒட்டவெச்சுட்டு, அவளோடயே கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கிட்டு, நொண்டிக்கிட்டே வெளியே வர்ற ஆம்பளையை நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?

சரளா நிறையவே சொல்லிவிட்டாள். கூடப் பிறந்த தம்பியாயிற்றே, விட முடியுமா?

"லோரி ஓட்டப் போனியா, ஊர் மேயப் போனியாடா?"

யுகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். "என்னாலதான்க்கா" என்பதற்கு மேல் வாயே திறக்கவில்லை.

அம்மா மங்களம் அதற்கும் மேலே. "என் மருமக தங்கம்லா. எனக்குப் பொறந்ததுதான் தறுதலை!"

இதே அம்மாதான், "தாலி அறுத்தவளை வீட்டுக்குள்ளே விடமாட்டேன், மீறி வந்து பேரு கெட்டா அன்னிக்கே வெளியே" என்று கல்யாணத்தின்போது குதித்தவள். மருமகள் ஷர்மினியின் முதல் புருஷன் மோட்டார் விபத்தில் போய்ச் சேர்ந்தவன். இப்போது அவளுக்கு ஃபிளாஸ்க்கில் கோழி சூப் என்ன, "பாத்து உக்காரும்மா" என்ன!

"நோய்னா வெளியே தெரியாதா மிஸி? இவளுக்கு ஒரு புண்ணு இல்லே, காய்ச்சல் இல்லே" என்று அம்மா முதல் நாளே கேட்டாள். பீடோர் கிளினிக்கின் நர்ஸ் அன்னபூரணி மிஸி ஓரமாய்க் கூட்டிப்போய் விளக்கினார்.

"சிபிலிஸ் அப்படித்தான்மா. பல பேருக்கு இருக்கிறதே தெரியாது. மாசமா இருக்கிறவங்களுக்கு ரத்தம் எடுக்கிறோமே, அதிலேதான் மாட்டுது. இப்பவே ஊசி போட்டா பிள்ளையையும் காப்பாத்திடலாம்."

இன்று கடைசி ஊசி. தன் கைப்பிள்ளைக்குத் தடுப்பூசி போட சரளாவும் கூட வந்திருந்தாள். அம்மா வெளியே சூப்போடு காத்திருந்தாள். பிள்ளை தோளிலேயே தூங்கிவிட, தன் முறை எப்போது என்று கேட்கச் சரளா ஊசி அறைக்குப் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. திரைக்குப் பின்னால் ஷர்மினி அழுதுகொண்டிருந்தாள்.

"என்னால முடியலேங்க. அத்தைகிட்ட உண்மையைச் சொல்லிடுறேன்."

"என்னன்னு?" தம்பியின் குரல்.

"செத்துப்போன அந்த மனுஷன்கிட்டேருந்து எனக்கு வந்ததுன்னு. உங்க ரத்தம் சுத்தம்னு."

"சும்மா இருலா. என் மேல தப்புன்னா, திட்டிட்டு அம்மா சோறு போடும். உன் மேலன்னா, பையைத் தூக்கி வாசல்லே வெச்சிடும்."

மிஸியின் குரல் தணிந்து வந்தது. "அழாதீங்க ஷர்மினி. இத்தனை வருஷம் ஒரு சத்தமும் போடாம உடம்புக்குள்ளே கெடந்திருக்கு, உங்களுக்கு எப்படித் தெரியும்? பழசாயிட்டதாலே இவருக்கு ஒட்டலே. ஆனா, ஊசியே போட்டுக்காத இந்த மனுஷன் எதுக்கு நொண்டுறாருன்னுதான் எனக்குப் புரியலே!"

"அம்மா நம்பணும்லா மிஸி."

சரளாவுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. ஒன்றுமே காட்டாமல் ஒரு நோய் ரத்தத்தில் வருஷக்கணக்காகப் படுத்திருக்குமாம்! அதை நினைத்து வாய் பிளப்பதா, இவனை நினைத்தா? சின்ன வயசில் கொசு கடித்தாலே வீட்டையே ரெண்டாக்குகிற பயல். அக்காளும் அம்மாவும் மாறி மாறிக் கொட்டியதை எல்லாம் இத்தனை நாளாய் எங்கே வைத்திருந்தான்?

திரை விலகியது. ஷர்மினியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, நொண்டாமல் நேராக நடந்து வந்தான் யுகேந்திரன். அக்காளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

வராந்தாவில் அம்மாவின் செருப்புச் சத்தம் கிட்ட வந்தது.

சரளா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பியின் காதருகே குனிந்தாள்.

"அம்மா வருது. கொஞ்சம் நொண்டி நடடா, என் சாமி."