சிரித்த முகத்துக்கு ஒரு ஓட்டு

“அவரு ஊட்டுல இல்லீங்க. சேலம் போயிருக்காரு. பொழுதோட வந்துருவாரு, சித்த உக்காருங்க” என்று வாசலில் வந்து நின்ற ஆளிடம் சொல்லிவிட்டு, வசந்தாமணி உள்ளே போகத் திரும்பினாள்.

வந்தவர் உட்காரவில்லை. பளிச்சென்று பல் தெரியச் சிரித்தார். “நல்லாப் பாத்துச் சொல்லு புள்ள, யாருன்னு.”

குரலைக் கேட்ட பிறகுதான், நிற்பது தன் புருஷன் ராசப்பன் என்று அவளுக்குத் தெரிந்தது.

ராசப்பனுக்கு மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பேறி, உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நிற்கும். அதை மறைக்கத்தான் வாய்மேல் வந்து விழும்படி மீசை வளர்த்திருந்தார். நாலு பேர் முன்னால் பேச வேண்டி வந்தால் தோள்துண்டும் வாய்க்கு ஏறிவிடும். பெற்ற மகளின் கல்யாணத்தில்கூட அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஐம்பது வயதுவரை அப்படியே ஓட்டிவிட்டார். எண்பத்தாறில் ஒன்றியத் தேர்தல் வரப்போவதாகப் பேச்சு கிளம்பியது. சேர்மன் பதவிக்கு நிற்க ஆசை; போஸ்டரில் முகம் வருமே என்று பயம். யோசித்து யோசித்து, கடைசியில் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தார்.

டாக்டர் நான்கு பல்லையும் எடுத்துவிட்டு, புண் ஆறியதும் அசையாத பல் கட்டிவிட்டார். கண்ணாடியைக் கையில் வாங்கிய ராசப்பன் திரும்பத் திரும்பச் சிரித்துப் பார்த்துக்கொண்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று, வரும் வழியிலேயே சலூனில் மீசையையும் எடுத்துவிட்டு வந்திருந்தார்.

“கட்டுன பொண்டாட்டிக்கே அடையாளந் தெரியலீன்னா பாத்துக்க மாப்ள, டாக்டரு எப்பேர்ப்பட்ட கைகாரர்னு” என்று மச்சினன் சின்னண்ணனிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

தேர்தலும் வந்தது. ராசப்பனுக்குக் குடை சின்னம் கிடைத்தது. போஸ்டர் அச்சுக்குப் போனபோது, “பேரச் சின்னதாப் போடச் சொல்லு மாப்ள. சிரிப்புப் பெருசா உழுகோணும்” என்றார். எதிர்த்து நின்றவருக்குச் சாவி சின்னம். அவர் போட்டோ, போஸ்டர் என்று எதற்கும் மெனக்கெடவில்லை. ஊருக்கு ஊர் சுவரில் சாவியை மட்டும் காவியில் வரைய வைத்தார்.

ராசப்பன் ஊர் ஊராக நடந்து, வீடு வீடாகச் சிரித்து ஓட்டுக் கேட்டார். கல்லாங்காட்டுக்கு மட்டும் போகவில்லை.

“அங்க ஒரு எட்டுப் போயிட்டு வந்தரலாமுங்க மாமா” என்றான் சின்னண்ணன்.

“அங்க எதுக்கு மாப்ள? குடிக்கத் தண்ணியில்லாமக் கெடந்த ஊரு. திருச்செங்கோட்டுலிருந்து ரிக் லாரியக் கூட்டியாந்து போர் போட்டுக் குடுத்தவன் நானு. அந்தச் சனம் என்னைய உட்டுருமா? போஸ்டர மட்டும் ஒட்டீட்டு வா, போதும்.”

ஓட்டு எண்ணும்போது மத்தியானம்வரை குடைதான் முன்னால் இருந்தது. கல்லாங்காட்டுப் பெட்டியைப் பிரித்ததும் எல்லாம் புரண்டுவிட்டது. அந்தப் பெட்டியில் குடைக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. சாவி ஜெயித்தது.

தோற்றதைவிட, அந்த ஊர் கைவிட்டதுதான் ராசப்பனை அறுத்தது. சோறு இறங்கவில்லை. “என்ன குத்தஞ் செஞ்சேன்னு நேருக்கு நேரா ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்” என்று வசந்தாமணியிடம் சொல்லிவிட்டு, மறுநாள் காலை மொபட்டை எடுத்தார். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் துக்கம் கேட்பது போல நின்றார்கள். பழைய பழக்கத்தில் துண்டு மறுபடியும் வாய்க்கு ஏறிக்கொண்டது.

கல்லாங்காட்டுக்குள் நுழையும்போதே மேளச் சத்தம் கேட்டது. தெருவில் மாவிலைத் தோரணம். அவர் போட்டுக் கொடுத்த அடிபம்புக்குப் பக்கத்திலேயே பொங்கல் பானை ஏறியிருந்தது. தன் தோல்வியை இவ்வளவு கொண்டாடுவார்கள் என்று அவர் நினைக்கவில்லை. அப்படியே திரும்பிவிடலாமா என்று மொபட்டை நிறுத்தினார்.

அதற்குள் பானையருகே இருந்த மயிலம்மாள் பார்த்துவிட்டாள். அந்த அடிபம்பில் முதல் குடம் பிடித்தவள் அவள்தான். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவரைத் தூரத்திலேயே கண்டுகொண்டு, “சேர்மன் ஐயா வந்துட்டாருங்கோ” என்று ஊருக்கே கேட்கக் குரல் கொடுத்தாள்.

ராசப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. “நக்கல் வேற பண்றயா மயிலா?” துண்டுக்குள்ளிருந்து குரல் நடுங்கி வந்தது. “உங்க ஊருக்கு நான் என்ன கெடுதல் பண்ணுனேன்? எனக்கு ஒரு ஓட்டுப் போடக்கூட ஒருத்தருக்கும் மனசு வரலியா?”

மயிலம்மாள் அடுப்புத் தள்ளிய கையோடு எழுந்துவிட்டாள். “என்னங்க சாமி இப்படிக் கேட்டுப்போட்டீங்க? படுத்த படுக்கையாக் கெடக்கற எங்க மாமியாளக்கூடக் கட்டலோட தூக்கிக்கிட்டுப் போயி, சாவியில குத்த வெச்சமுங்களே.”

“சாவியிலயா?”

“பின்ன, உங்களுக்கு எதுத்தாப்பல பல்லக் காட்டிக்கிட்டு நின்னானே, அந்தக் குடைக்காரனுக்குங்களா போடுவோம்?”