ஐதராபாத் அட்டிகை

"கைவேலையா, அச்சுல ஊத்தினதான்னு தனித்தனியா வந்து கேட்டா இன்னா சொல்றது? ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்னேன். வந்துட்டீங்க, குந்துங்க" என்றார் சத்தார் பாய்.

திருத்தணி கடைத்தெருவில் நகைக்குக் கல் பதிக்கும் கடை அவருடையது. ஜெயம்மாளும் அவள் ஓரகத்தி கயல்விழியும் பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு குடும்பமே உட்காரலாம்.

மாமியார் எல்லம்மாளிடம் இருந்தது ஒரே ஒரு அட்டிகை. பச்சை கலந்த நீலத்தில் பெரோஜாக் கல் பதித்து, பூப்பூவாகக் கோத்த வெள்ளி அட்டிகை. மாமனார் அந்தக் காலத்தில் ஐதராபாத்தில் சொல்லிச் செய்து வாங்கி வந்தது. சாவதற்குமுன் கிழவி அதை ஜெயம்மாள் கையில் திணித்து, "உனக்குத்தான். சின்னவகிட்ட மூச்சு விடாத" என்றாள்.

கருமாதி முடிந்து பள்ளிப்பட்டில் ஒரு கல்யாணம். அங்கே கயல்விழி கழுத்திலும் அதே அட்டிகை! அவளிடமும் அதே பேச்சுதானாம். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு அடுப்பு.

படுக்கையில் கிடந்த மாமியாருக்குப் பீமூத்திரம் அள்ளியவள் ஜெயம்மாள். தனக்கு வந்தது நகல் என்றால் அவளால் தாங்க முடியாது.

சத்தார் பாய் அவள் அட்டிகையைக் குப்புறக் கவிழ்த்தார்.

"கைவேலைன்னா முதுகைப் பாக்கணும். ஒவ்வொரு பூவும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அரம் போட்ட கோடு தெரியும். இங்க பாரும்மா, இந்தப் பூவுல ஒரு மரு. எல்லாப் பூவுலயும் அதே எடத்துல அதே மரு. அச்சுல ஊத்தினது."



"யாருக்கு எதைக் குடுக்கணும்னு அத்தைக்குத் தெரியாதா?" என்றாள் கயல்விழி சுவரிடம்.

பாய் அடுத்ததைக் கவிழ்த்தார். "ஆங். இதுலயும் அதே மரு."

கயல்விழி முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ நெசமானது எங்க பாய்?" என்றாள் ஜெயம்மாள்.

"மலைமேல, முருகன் உண்டியல்ல. உங்க மாமியார் நடமாட்டமா இருந்தப்ப, அங்க போட்டுட்டு வர்றதுக்கு முந்தி, அதுல ஒரு பூவை அச்செடுத்து ரெண்டு அட்டிகை செய்யச் சொன்னாங்க. நான்தான் ஊத்தினேன். மருமகளுங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்து கேட்டா மட்டும் சொல்லுன்னாங்க."

"உண்டியல்ல எதுக்குப் போட்டாங்க?"

"வேண்டுதலாம். மருமகளுங்க சண்டை போட்டுக்காம ஒத்துமையா இருக்கணும்னு."

கயல்விழி மெதுவாக நகர்ந்து பக்கத்தில் வந்தாள்.

"பாத்தியாக்கா, அந்தக் கெழவி செஞ்ச வேலைய!"

பஸ்ஸில் ஒரே சீட்டில் நெருங்கி உட்கார்ந்து, இறங்க வேண்டிய கனகம்மாசத்திரம் வரும்வரை மாமியாரைத் திட்டுவதில் இருவரும் அவ்வளவு ஒற்றுமையாக இருந்தார்கள்.