சோதனைச் சங்கு

புவனேந்திரன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்த கோப்பைத் தேநீரில் அலையடித்தது. தோணி விட்டிருந்தால் கவிழ்ந்திருக்கும்.

தெமோதரைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் அவன்தான் கொம்பியூட்டர்காரன். மலையுச்சியில் ஒரு மழைமானி. மழை அளவு மீறினால் அது இணையம் வழியே சேதி அனுப்பும். ஆபீசிலுள்ள மென்பொருள் அதைக் கேட்டு மண்சரிவுச் சங்கை ஊதும்.

மென்பொருளோ கிழடு. நான்கு எண்ணோடு முடிந்துவிடுகிற குட்டி இணைய முகவரிதான் அதற்குத் தெரியும். போன மாதம் வந்த புதிய இணைப்பின் முகவரி, எண்ணும் எழுத்துமாகக் கூட்ஸ் ரயில் நீளம். சேதி வந்து வாசலில் நின்றது. கிழம் யாரென்றுகூடக் கேட்கவில்லை. சங்கு ஊமையாகிவிட்டது.

இரண்டு வாரம் சோறு தண்ணியில்லாமல் கிழத்தின் வயிற்றைத் திறந்து, நீள முகவரியும் கொள்கிற மாதிரி அகலப்படுத்தினான். கண்ணை மூடினால் மலை சரிந்தது. தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயம் மலைக்கு நேர் அடியில். அக்கா புஷ்பத்தின் வீடும் அங்கேதான்.

இன்று சோதனை. திரையில் ஒரு பொத்தான். அழுத்தினால் சங்கு ஊத வேண்டும்.

போன வருசம் சொல்லாமல் சோதித்தபோது லயமே ஓடியது. கோயில் பூட்டியிருந்ததால்தான் மாரியம்மன் ஓடவில்லை. புஷ்பத்துக்குக் கால் முறிந்தது.

"டேய் தம்பி, அன்னிக்கு ஒரு காலு. இன்னிக்கு மத்தக் காலையும் கேக்குதாடா உன் கொம்பியூட்டரு?"

அதனால் காலையிலேயே கோயில் ஒலிபெருக்கியில் அவனே சொல்லிவிட்டான். "மத்தியானம் சங்கு ஊதும். சும்மா டெஸ்ட்டுதாங்க. ஒருத்தரும் வீட்ட விட்டு ஓடாதீங்க."

ஜன்னலுக்கு வெளியே லயத்துக் கூரைகளில் வெயில். உச்சி மட்டும் விடிந்ததிலிருந்து மழைமேகத்தில் கருத்துக் கிடந்தது.

ஊதாவிட்டால்?

சங்கு ஊதியது.

ஊதிய ஊதலில் பக்கத்து ஊர் ஹாலிஎல வரைக்கும் நாய்கள் எழுந்து நின்றிருக்கும். புவனேந்திரனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கிழம் பிழைத்துக்கொண்டது.

லயத்தில் ஒருத்தரும் ஓடவில்லை. அவன் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை. புஷ்பம் மட்டும் நொண்டி நொண்டி வாசலுக்கு வந்து, ஆபீசைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள்.

பதிலுக்கு அவனும் கையைத் தூக்கப் பார்த்தான்.

இரண்டு கையும் இன்னும் அந்தக் கோப்பையைப் பிடித்தபடியே இருந்தன.

பொத்தானை அவன் தொடவே இல்லை.