ஆற்றின்மேல் பன்னிரண்டு கிலோமீட்டர்

வேனின் முன்சக்கரங்கள் கரையைவிட்டு உறைந்த ஆற்றின்மேல் இறங்கியதும், வண்டி ஓட்டிக்கொண்டிருந்த வர்வாரா சீட் பெல்ட்டைக் கழற்றினாள். பக்கத்து சீட்டில் அவள் கணவன் கவ்ரீலும் கழற்றிக்கொண்டான்.

ஆற்றின்மேல் பெல்ட் போடக் கூடாது. கண்ணாடியை ஏற்றி மூடவும் கூடாது. காலடியில் பனிக்கட்டி உடைந்தால் வெளியே குதிக்க வழி வேண்டும்.

மார்ச் மாத வெயில் பளீரென்று அடித்தது. ஆனாலும் மைனஸ் முப்பது டிகிரிக் காற்று திறந்த ஜன்னல் வழியாக வந்து காதைக் கடித்தது.

வெண்ணெய் தடவிய அப்பத்தில் ஒரு துண்டைப் பிய்த்து, ஆற்றுக்கென்று வெளியே போட்டாள். "கோவிச்சுக்காதம்மா. பத்திரமா விட்டுரு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

லேனா ஆறு இந்த இடத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் அகலம். மறுகரையில் யாகுட்ஸ்க் நகரம். கவ்ரீல் இருபத்திரண்டு குளிர்காலமாக இந்தப் பாதையில் ஆள் ஏற்றி ஓட்டுகிறவன். வர்வாராவோ ஊருக்குள் ஓட்டுவாள், வைக்கோல் ஏற்றப் போவாள். ஆற்றின்மேல் ஓட்டுவது இதுதான் முதல் தடவை.

காலையில் அவன்தான் சாவியை நீட்டினான்.

"தோள்பட்டை புடிச்சுக்கிச்சு. டவுன் டாக்டர்கிட்ட காட்டணும். நீயே ஓட்டு, கிழவி."

எஞ்சின்மேல் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்தது அவள். இரவு வீட்டுக்குள் வைத்திருந்த பேட்டரியைத் தூக்கி வந்து மாட்டியதும் அவள். அவன் கதவோரம் நின்று, "மண்வெட்டி வச்சியா? கயிறு? மணல் மூட்டை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

டவுனுக்குப் போகவேண்டுமென்று பக்கத்து வீட்டு அம்மாள் பையோடு ஓடி வந்தாள். கவ்ரீல் இடமில்லை என்று அனுப்பிவிட்டான். வேன் காலியாகத்தான் இருந்தது. புதிதாக ஓட்டுகிறவளை நம்பி ஆள் ஏற்றப் பயப்படுகிறான் என்று வர்வாரா நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

மணிக்கு முப்பது கிலோமீட்டர். அதற்குமேல் போகக் கூடாது. பிரேக்கைச் சட்டென்று மிதிக்கக் கூடாது. எங்கேயும் நிற்கவே கூடாது. அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.

பாதையின் இரு பக்கமும் பனியில் நட்ட மரக்கிளைகள் வழி காட்டின. முன்னே ஒரு வண்டியும் இல்லை. அடியில் எங்கோ 'டொம்' என்று ஒரு சத்தம் ஓடி மறைந்தது.

"அது ஒண்ணுமில்ல" என்றான் கவ்ரீல். "குளிர்ல பனிக்கட்டி இறுகுற சத்தம். நீ நேரா போ."

அவ்வளவுதான் பேசினான். அவள் கியர் மாற்றினாலே நக்கல் அடிக்கிறவன், இன்று தலையைச் சாய்த்து டயர் ஓடும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தான்.

ஏழாவது கிலோமீட்டரில் பாதைக்குக் குறுக்கே குச்சிகள் நட்டிருந்தன. குச்சிகளில் சிவப்புத் துணி. இடப்புறம் திரும்பச் சொல்லி ஒரு பலகை. அதற்கு அப்பால் பனிக்கட்டி பிளந்து, கறுப்புத் தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

வர்வாரா ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரைக் குறைத்தாள். வேன் வழுக்கியது. பின்பக்கம் அசைந்தது. குச்சிகளுக்குப் பத்தடி முன்னால் நின்றது.

"ஏன் நிறுத்துற? நேரா போ" என்றான் கவ்ரீல்.

"யோவ் கிழவா, உனக்கென்ன பைத்தியமா? வழி மறிச்சு செவப்புக் கொடி நட்டிருக்காங்க, தெரியலயா?"

அவன் கண்கள் கொடிகளைப் பார்த்தபடிதான் இருந்தன. இமைக்கவில்லை.

"எத்தன கொடி?" என்று மெதுவாகக் கேட்டான்.

வர்வாரா கொடிகளை விட்டு அவன் கண்களைத் திரும்பிப் பார்த்தாள்.

நின்ற இடத்தில் பனிக்கட்டி முனகியது. அதற்குமேல் நிற்க முடியாது. ஸ்டியரிங்கை இடப்புறம் ஒடித்து, புதுப் பாதையில் மெல்ல ஏற்றினாள். இரண்டு மரக்கிளைகளைத் தாண்டியபின் கேட்டாள்.

"எப்பலருந்து?"

"நவம்பர்லருந்து. மொதல்ல ஓரம் மங்குச்சு. அப்புறம் நடுவுலயும். தோள்பட்டைக்கு ஒண்ணுமில்ல. கண் டாக்டர்கிட்டதான் போறோம்."

"அப்புறம் எப்படிய்யா வண்டி ஓட்டுன? இந்தக் குளிர்காலம் முழுக்க ஓட்டுனியே!"

"முன்னாடி போற வண்டியோட செவப்பு லைட்டு மட்டும் தெரியும். அது பின்னாலயே போயிருவேன். அவன் திரும்புனா நானும் திரும்புவேன்." கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். "சனிக்கெழமைலருந்து அதுவும் தெரியல."

அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருந்தது. அவள் மரக்கிளைகளை மட்டும் பார்த்தாள். அடுத்தது. அதற்கடுத்தது.

மறுகரையின் மேட்டில் வேன் உறுமி ஏறி, மண்ணைத் தொட்டதும் ஓரமாக நிறுத்தினாள். அப்போதுதான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

அவன் கடைசியாக ஓட்டியது வெள்ளிக்கிழமை. வேனில் ஒன்பது பேர். பின்சீட்டில் மகள் துயாரா, அவள் மடியில் நாற்பது நாள் பேரன். முன்சீட்டில் வர்வாரா. கவ்ரீல்தானே ஓட்டுகிறான் என்று, கரை வந்து அவன் தட்டி எழுப்பும்வரை அவள் நிம்மதியாகத் தூங்கியிருந்தாள்.