நான்காவது கைப்பிடி

பங்குத்தந்தை கூட்டிய ஒற்றுமைக் கூட்டத்தில், இரண்டு தெருக்காரர்களும் முதல் முறையாகக் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். "எல்லாரும் ஆண்டவரோட பிள்ளைங்கதான்" என்று வடக்குத் தெரு கஸ்பார் பேசி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். தெற்குத் தெரு பிலோமி எழுந்தாள்.

"காலையில எங்கம்மா செத்துட்டாங்கய்யா. சாயந்திரம் அடக்கம். கோயில் வண்டியக் குடுங்க."

கைதட்டல் நின்றது. அந்தச் சவ வண்டி இதுவரை வடக்குத் தெருப் பிணங்களை மட்டுமே சுமந்திருக்கிறது. தெற்குத் தெருவினர் தோளில்தான் தூக்கிப் போவார்கள். வண்டி நிற்கும் கொட்டகையின் சாவி கஸ்பாரிடம் இருந்தது.

"உங்க சந்துல வண்டி நுழையாதேம்மா."

"எலெக்‌ஷனுக்கு உங்க வேன் நுழைஞ்சுதே."

யாரோ சிரித்துவிட்டார்கள்.

"சரி, கமிட்டியில பேசி முடிவெடுப்போம்" என்றார் கஸ்பார்.

"பேசுங்கய்யா. எங்கம்மா அதுவரைக்கும் தாங்க மாட்டாங்க."

பங்குத்தந்தை கஸ்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்பார் சாவியை எடுத்தார். அவள் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தார். பிலோமி எடுத்துக்கொண்டாள்.

கொட்டகையைத் திறந்தார்கள். வண்டிக்கு நான்கு கைப்பிடிகள். செருப்புக் காலோடு அதை இழுக்கக் கூடாது என்பது அந்தக் கோயிலின் வழக்கம். பிலோமியின் மூன்று தம்பிகளும் செருப்பைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்தார்கள். நான்காவதைப் பிடிக்க வந்த சித்தப்பாவை அவள் தடுத்தாள்.

"அது இருக்கட்டும் சித்தப்பா."

வண்டி நகரவில்லை. கூட்டம் முழுவதும் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றது.

"அப்பா, வேணாம்" என்றான் கஸ்பாரின் மகன்.

இடது காலின் செருப்பைக் கழற்றிவிட்டிருந்த கஸ்பார், வலது காலைப் பார்த்தபடி நின்றார்.